தோட்டத் திடல் போனது. கூலிமுக்குப் புதுத் திடல் எப்போது?

மலேசியாவில் ஒரு தொழிலாளி படுத்துறங்க எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்குச் சட்டத்தில் அளவு இருக்கிறது. பொதுப் படுக்கைக் கூடம் என்றால் தலைக்கு 3 சதுர மீட்டர். வீடு என்றால் 3.6 சதுர மீட்டர். தோட்டங்களையும் சுரங்கங்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட 1990ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் சட்டம் 2020ல் மற்றத் துறைகளுக்கும் விரிந்தபோது வந்த அளவுகள் இவை. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால், அதே தொழிலாளி வேலை முடிந்து ஓட, பந்தடிக்க, நீந்த எவ்வளவு இடம் வேண்டும்? அதை யாரும் அளந்து சொல்லவில்லை. கெடாவின் கூலிம் ஹைடெக் பூங்கா இன்னும் விரிந்துகொண்டே போகிறது. புதிய ஆலைகளுக்கு வரைபடம் போடும்போதே இந்தக் கேள்வியையும் மேசைமேல் வைத்தாக வேண்டும். மாநில அணிகளும் பொதுமக்களும் சேர்ந்து பயன்படுத்தக்கூடிய பல்துறை விளையாட்டுப் பயிற்சி மையம் ஒன்று கூலிமுக்கு வேண்டும். அது பூங்காவின் எல்லைக்குள்ளேயே வேண்டும்.

பூங்காவுக்குள்ளே என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஜப்பானிய அனைத்துலகக் கூட்டுறவு முகவையின் ஆய்வை அடிப்படையாகக் கொண்டு திட்டமிடப்பட்டு, 1996ல் திறக்கப்பட்ட நாட்டின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா இது. தொழிற்சாலை, ஆய்வு, குடியிருப்பு, மருத்துவம், கல்வி, பொழுதுபோக்கு என்று தனித்தனி வட்டாரங்களைப் பிரித்து, ஒரு முழு நகரமாகவே இதை வரைந்தார்கள். பூங்காவுக்கென்று தனி ஊராட்சி அமைப்பே இருக்கிறது. கூலிம் நகராண்மைக் கழகத்தின் வாசலில் போய்க் காத்திருக்க வேண்டிய கட்டாயம் இதற்கு இல்லை. இன்ஃபினியன் 2006ல் இங்கே சில்லு உற்பத்தியைத் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் சிலிக்கான் கார்பைடு ஆலையின் முதல் கட்டத்தைத் திறந்தது; அந்தக் கட்டத்துக்கு மட்டும் 200 கோடி யூரோ முதலீடு. இன்டெல், ஃபர்ஸ்ட் சோலார், ஏடி அண்ட் எஸ் என்று உலகப் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. திட்டமிடும் அதிகாரம், நிலம், வரி கட்டும் நிறுவனங்கள் மூன்றும் ஒரே இடத்தில் கூடியிருப்பது இந்த மாநிலத்தில் அபூர்வம்.

பொழுதுபோக்கு வட்டாரம் என்று வரைந்ததன் பெரிய அடையாளமாக இன்று கண்ணுக்குத் தெரிவது கோல்ஃப் மைதானம். கோல்ஃப்மேல் எனக்கு வெறுப்பு இல்லை. வெளிநாட்டு முதலீட்டாளரை வரவேற்க அது தேவை என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள், கட்டினார்கள். ஆனால், கணக்கை ஒருமுறை பார்த்துவிடுவோம். 18 குழி கோல்ஃப் மைதானம் ஒன்றுக்குப் பொதுவாக 50 ஹெக்டருக்கு மேல் நிலம் பிடிக்கும். முழு அளவுக் காற்பந்துத் திடல் 105க்கு 68 மீட்டர். ஒரு ஹெக்டர்கூட இல்லை. மூன்று திடல், ஓட்டப்பாதை, உள்ளரங்கு, நீச்சல்குளம் எல்லாம் சேர்ந்தாலும் அந்தக் கோல்ஃப் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும்.

இப்படி ஒரு மையத்தைக் கேட்பதற்குத் தோட்டத்து மக்களுக்குத் தனி உரிமை இருக்கிறது என்பது என் கருத்து. பாடாங் சிராய், லூனாஸ், காராங்கான் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தோட்டத் திடலைப் பற்றி யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. விக்டோரியா, ஹென்றியேட்டா, டப்ளின் என்று வெள்ளைக்காரன் வைத்த பெயர்களோடு நின்ற அந்தத் தோட்டங்களில் லயத்துக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரு திடல் இருக்கும். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து, பால் வெட்டி, ஸ்டோரில் பாலை அளந்து கொடுத்துவிட்டு வந்தவர்கள் மாலையில் அங்கேதான் கூடுவார்கள். கோல்கம்பத்துக்கு வலை இருக்காது. கோடு போடுவதற்குச் சுண்ணாம்பு ஸ்டோரிலிருந்து வரும். ஞாயிற்றுக்கிழமையானால் பக்கத்துத் தோட்டக் குழு லாரியில் வந்திறங்கும். கிராணியோ வாத்தியாரோ விசில் ஊதுவார். மாநில அணிக்கோ போலீஸ் அணிக்கோ ஆடப் போன அண்ணன் தீபாவளி விடுமுறையில் ஊருக்கு வந்தால், அதே திடலில்தான் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்குவார். பத்து வயதுப் பையன்கள் கோல்கம்பத்துக்குப் பின்னால் நின்று, அவர் அடித்துப் போகும் பந்தைப் பொறுக்கிப் போடுவார்கள். பந்தை எடுக்கும் சாக்கில் அவர் கால் எப்படித் திரும்புகிறது, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பையன்களுக்குக் கிடைத்த ஒரே பயிற்சி முகாம் அதுதான். நல்ல ஆட்டக்காரனும் கற்றுக்கொள்கிறவனும் ஒரே மண்ணை மிதித்தார்கள். இன்று நாம் கேட்கும் பொது மையத்தின் கருத்து அந்தத் திடலிலேயே இருந்தது.

உடலைப் பழக்குவது என்பது கெடா தமிழர்களுக்கு வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. போர் முடிந்த கையோடு, 1946, 47ஆம் ஆண்டுகளில், பீடோங் ஹார்வர்டு தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. தோட்டத்து இளைஞர்கள் சீருடை அணிந்து, அணிவகுப்புப் பயிற்சி எடுத்து, கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். 1947 மார்ச்சில் டப்ளின் தோட்டத்தில் போலீசார் துப்பாக்கியை எடுத்தார்கள். அந்த வரலாறு இந்த நிலத்தில்தான் நடந்தது. குடியிலிருந்து இளைஞனை மீட்க வேண்டுமானால் அவன் உடம்புக்கும் மாலை நேரத்துக்கும் ஒரு வேலை கொடுக்க வேண்டும் என்பதைப் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத தோட்டத் தொழிலாளர்கள் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே புரிந்துவைத்திருந்தார்கள்.

அந்தத் திடல்கள் என்னவாயின? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டமும் தொழிற்பேட்டையும் வந்தன. 1990 சட்டமும் அதற்கு முந்திய 1966 சட்டமும் தொழிலாளர்களைத் தங்கவைக்கும் தோட்ட முதலாளிக்குக் கடமைகளை வகுத்தன. 1990 சட்டம் தன் நோக்கத்திலேயே வீடு, பிள்ளைக் காப்பகம், மருத்துவம் ஆகியவற்றோடு சமூக வசதிகளையும் சேர்த்துச் சொல்கிறது. துரை மனமுவந்து கொடுத்தாரோ, தொழிற்சங்கம் கேட்டு வாங்கியதோ, தோட்டத்தில் திடல் இருந்தது. தோட்டம் கைமாறி நிலத்தின் பயன்பாடு மாறிய நாளில் முதலாளியின் கடமையும் முடிந்தது. கோயிலுக்காகப் போராடினோம். தமிழ்ப்பள்ளிக்காகப் போராடினோம். இரண்டும் போராட வேண்டியவைதான். திடலுக்காக மனு எழுதியவர்கள் மிகச் சிலரே. அது யாருடைய பெயரிலும் இல்லாததால் கேட்பாரற்றுப் போனது.

இன்று அந்தத் தோட்டத்துப் பையன்களின் பிள்ளைகள் எங்கே ஆடுகிறார்கள்? தாமான்களின் ஓரத்தில் துத்தநாகக் கூரை போட்ட ஃபூட்சால் கூடங்களில். இரவு எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். பத்துப் பையன்கள் மோட்டார்களைச் சாய்த்து நிறுத்திவிட்டு, கவுண்டர் முன்னால் நின்று ரிங்கிட் நோட்டுகளைச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவனிடம் குறைந்தால் இன்னொருவன் போடுவான். இரண்டு பேரிடம் குறைந்தால் ஒருவன் வெளியே உட்கார்ந்து பார்ப்பான். ஒரு மணி நேரம் முடிந்ததும் மணியடிக்கும். அடுத்த குழு வலைக்கு வெளியே தயாராக நிற்கும். கோல் விழ ஒரு நொடி இருந்தாலும் பந்தைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியதுதான். அந்தக் கூடம் நடத்துகிறவரைக் குறை சொல்வதற்கில்லை. வாடகையும் மின்கட்டணமும் அவருக்கும் உண்டு. ஆனால், காசு குறைந்த பையன் வெளியே உட்காரும் ஊரில் அடுத்த ஆட்டக்காரன் எங்கிருந்து வருவான்?

இனி மறுபக்கம்: அணிகளின் நிலை. கெடா காற்பந்து அணி 2007, 2008 இரண்டு ஆண்டுகளிலும் லீக், எஃப்ஏ கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் அடுத்தடுத்து வென்றது. நாடே எழுந்து நின்று பார்த்த அணி. அதன் வாரிசான கெடா டாருல் அமான் கழகம் சம்பள பாக்கிச் சிக்கலில் மாட்டி, 2025-26 பருவத்தில் சூப்பர் லீக்கில் இடமில்லாமல் போனது. இந்தியச் சமூகத்தின் முயற்சியில் வளர்ந்த மிஃபா அணி பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறி, உள்நாட்டு ஆட்டக்காரர்களை மட்டுமே வைத்து ஆடிக் காட்டி, 2022 பருவத்தோடு லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. இரண்டு கதைக்கும் காரணங்கள் பல உண்டு. நிர்வாகத்தில் நடந்தவற்றை இங்கே விசாரிக்கப் போவதில்லை. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிகிறது. டிக்கெட் வசூலையும் ஒரு சில புரவலரையும் நம்பி நிற்கும் மாநில அணியால் ஒரு தரமான பயிற்சி மையத்தைத் தனியாகக் கட்டி நடத்த முடியாது. ஜொகூரில் நடக்கிறதே என்றால், ஜொகூர் அணிக்குப் பின்னால் நிற்கும் பலம் வேறு எந்த மாநிலத்துக்கும் இல்லை.

பொதுமக்களுக்கு மட்டும் என்று கட்டினாலும் நிலைப்பதில்லை. திறப்பு விழாவில் நாடா வெட்டுவார்கள். மூன்றாம் ஆண்டில் விளக்கு எரியாது, ஐந்தாம் ஆண்டில் கழிப்பறைக் கதவு இருக்காது. கேட்பதற்குப் பலம் உள்ளவர்கள் யாரும் அங்கே ஆடுவதில்லை என்பதே காரணம். தொழில்முறை அணி ஒன்று நாள்தோறும் வந்து இறங்கும் இடத்தில் விளக்கும் புல்லும் வடிகாலும் கவனிக்கப்படும்; பொதுமக்கள் நாள்தோறும் வரும் இடத்தில் செலவழிக்கும் பொதுப்பணத்துக்கு நியாயம் இருக்கும். ஒன்றை விட்டால் மற்றொன்று நிற்காது.

இப்படி நடக்கிற இடம் வெகுதூரத்தில் இல்லை. சிங்கப்பூர் தெம்பனிசில் பழைய அரங்கமும் விளையாட்டுக் கூடமும் இருந்த இடத்தில், பல ஆயிரம் குடியிருப்பாளர்களிடம் கருத்துக் கேட்டு, ‘நம் தெம்பனிஸ் மையம்’ கட்டினார்கள். 2017 ஆகஸ்டில் திறந்தார்கள். நிலம் 6 ஹெக்டருக்கும் குறைவு. அதற்குள் 5,000 பேர் அமரும் காற்பந்து அரங்கு. தெம்பனிஸ் ரோவர்ஸ் அணிக்கு அதுவே சொந்தத் திடல். அதே கட்டடத்தில் நீச்சல்குளங்கள், பூப்பந்துக் கூடங்கள், வட்டார நூலகம், உணவங்காடி, அரசாங்கச் சேவை முகப்பு. லீக் ஆட்டம் நடக்கும் இரவில் பாட்டியம்மா நூலகத்திலிருந்து இறங்கி வருவார்; பேரன் நீந்தி முடித்து ஈரத்தலையோடு அரங்கின் விளிம்பில் நின்று பந்தைப் பார்ப்பான். எனக்கு மிகப் பிடித்தது இந்த நெருக்கம்தான்.

அதே சிங்கப்பூர் வேறொரு பாடத்தையும் கொடுத்திருக்கிறது. காலாங்கில் 55,000 பேர் அமரும் தேசிய அரங்கோடு 2014ல் திறந்த விளையாட்டு மையம், 130 கோடி வெள்ளிக்கு மேல் செலவில், தனியார் கூட்டமைப்பு 25 ஆண்டுகள் நடத்துவதாக ஒப்பந்தம் போட்டுக் கட்டப்பட்டது. வாடகை அதிகம் என்ற பேச்சு எழுந்தது. சமூகத்துக்கும் உள்ளூர் விளையாட்டுக்கும் போதிய இடமில்லை என்ற குறை வளர்ந்தது. 2022 டிசம்பரில் அரசாங்கமே அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. கட்டிய பிறகு பொதுமக்களுக்கு நேரம் கேட்பது எவ்வளவு கடினம், எவ்வளவு செலவு என்பதற்கு இதைவிட அருகில் வேறு சான்று வேண்டாம். கூலிமில் கட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்து விழும் முன்பே நேர அட்டவணை அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தொழில்முறை அணியின் பயிற்சியாளர் முதலில் கேட்பது புல்லைப் பற்றித்தான். அவர் கவலை நியாயமானது. நம் மழையில் நனைந்த மாட்டுப்புல் திடலில் காலை அணி பயிற்சி, மாலை பள்ளிப் போட்டி, இரவு ஆலைகளுக்கிடையிலான ஆட்டம் என்று மூன்று முறை மிதித்தால், ஒரு வாரத்தில் கோல்முகம் சேறாகிவிடும். பூட்ஸ் முள் பிடுங்கிய குழியில் அடுத்தவன் கால் மடங்கும். புக்கிட் ஜாலில் தேசிய அரங்கிலேயே புல் கெட்டு, 2023ல் மாட்டுப்புல்லைத் தூக்கிவிட்டு சோய்சியா வகைப் புல்லைப் போட வேண்டிவந்தது. ஆகவே இயற்கைப் புல் திடல் ஒன்றைப் பயிற்சி அணிக்கும் தேர்ந்தெடுத்த போட்டிகளுக்கும் ஒதுக்க வேண்டும். பொதுப் பயன்பாட்டின் பாரத்தைச் செயற்கைப் புல் திடல்கள் தாங்க வேண்டும். ஃபிஃபாவின் தரப்பிரிவுகளே இதற்கு வழிசெய்கின்றன. உயர்நிலை ஆட்டத்துக்கான செயற்கைத் திடல் வகை ஒன்று, வாரத்துக்கு 40 முதல் 60 மணி நேரம் ஆடினாலும் தாங்கும் சமூகத் திடல் வகை மற்றொன்று. நடுப்பகலில் செயற்கைப் புல் கொதிக்கும் என்பது உண்மை. கெடா வெயிலில் நடுப்பகலில் எந்தப் புல்லிலும் யாரும் ஆடப் போவதில்லை. மாலையில் இடியும் மின்னலும் வரும் மாதங்களுக்குக் கூரை வேண்டும். பூப்பந்து, செப்பாக் தக்ரா, கபடி, சிலம்பம் எல்லாவற்றுக்கும் பொருந்தும் உயரமான உள்ளரங்கு வேண்டும்.

ஒரு தொழில்முறை அணி ஒரு நாளில் திடலில் இருப்பது இரண்டு மணி நேரம், மிஞ்சினால் நான்கு. மற்ற நேரம் திடல் சும்மா கிடக்கும். சில்லு ஆலை நடத்துகிறவர்களுக்கு இதைவிட எளிதாக விளங்கும் கணக்கு வேறில்லை. கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய இயந்திரம் ஒரு மணி நேரம் நின்றால் நட்டம் என்றுதானே இருபத்துநான்கு மணி நேரமும் ஆலை ஓடுகிறது?

அந்த ஓட்டத்தில்தான் கூலிமின் தனித்தன்மையும் இருக்கிறது. பல ஆலைகளில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். காலை ஏழு மணிக்கு ஒரு கூட்டம் உள்ளே போக, இன்னொரு கூட்டம் பேக்டரி பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போகிறது. சாதாரண ஊர் மைதானத்தைப் போல மாலை ஐந்து முதல் ஏழு வரை என்று வைத்தால், பாதித் தொழிலாளர்கள் அதன் வாசலையே பார்க்க மாட்டார்கள். காலை எட்டு மணிக்கு நீச்சல்குளம் திறந்திருக்க வேண்டும். இரவுப் பணி முடித்தவருக்கு அதுதான் மாலை. இரவு பதினொன்று வரை உள்ளரங்கில் விளக்கு எரிய வேண்டும். மின்னணு ஆலைகளைத் தொடக்கத்திலிருந்து தாங்கி நிற்பவர்கள் பெண்கள். இருட்டில் சாலையோரம் மெதுவோட்டம் ஓட அவர்களால் முடியாது. வெளிச்சமும் காவலும் உள்ள ஓட்டப்பாதையும், பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரமும் வேண்டும். நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஓய்வு நாளில் விடுதிக் கார் நிறுத்துமிடத்தில் கயிறு கட்டிக் கைப்பந்து ஆடும் அவர்களை வேற்றாள் என்று ஒதுக்க நமக்கு உரிமையில்லை. நம் பாட்டன்மாரும் அப்படித்தான் வந்திறங்கினார்கள்.

இடம் மட்டும் போதுமா என்று கேட்கலாம். போதாது. மாநில அணி ஒரே கூரையின்கீழ் இருந்தால், அதோடு பயிற்சியாளரும் ஃபிசியோவும் எடைப்பயிற்சி வல்லுநரும் வருவார்கள் என்பதே பெரிய ஆதாயம். சுங்கைப்பட்டாணியில் பிறந்த சிவசங்கரி சுப்பிரமணியத்தை நினைத்துப் பாருங்கள். 2022ல் கார் விபத்தில் சிக்கிக் காமன்வெல்த் போட்டியை இழந்த ஸ்குவாஷ் வீராங்கனை, 2023ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பெண்கள் ஒற்றையர் தங்கத்தோடு திரும்பினார். 2024ல் லண்டன் கிளாசிக் பட்டத்தையும் வென்றார். எலும்பு முறிந்த ஆட்டக்காரி மறுபடி எழுந்து வர மனவுறுதி வேண்டும். கூடவே நல்ல மருத்துவமும் வேண்டும். பாடாங் சிராய் தமிழ்ப்பள்ளியில் ஓடும் பெண்பிள்ளை முட்டியில் அடிபட்டால் யாரிடம் போவாள்? தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருப்பாள். அடுத்த ஆண்டு ஓட மாட்டாள். வாரத்தில் ஒரு மாலை மாநில அணியின் ஃபிசியோ பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தால் போதும், எத்தனையோ கால்கள் தப்பும்.

பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் புக்கிட் டும்பாரில் ஒரு ஸ்குவாஷ் கூடம் இருக்கிறது. சிறுமியாக நிக்கோல் டேவிட் ராக்கெட் பிடித்துப் பழகிய கூடம். 2006 முதல் 2015 வரை தொடர்ந்து 108 மாதங்கள் உலகின் முதலிடத்தில் இருந்து, எட்டு முறை உலகப் பட்டம் வென்றவர் அவர். இன்று அந்தக் கூடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அரண்மனை ஒன்றும் இல்லை. மாநிலப் பயிற்சியில் இருந்த மூத்தவர்கள் ஆடுவதைச் சின்னப்பிள்ளைகள் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்க்க முடிந்தது, அவ்வளவே.

பணம் எங்கே என்பார்கள். நிலம் மாநில அரசின் பங்கு. கட்டுமானத்தில் மத்திய இளைஞர் விளையாட்டு அமைச்சுக்குப் பங்கு உண்டு. ஆண்டுதோறும் நடத்தும் செலவைப் பூங்காவின் ஊராட்சி அமைப்பு ஆலைகளிடம் வாங்கும் மதிப்பீட்டு வரியில் ஒரு பகுதி தாங்கலாம். தொழிலாளர்களுக்கு மணிநேரங்களை மொத்தமாக வாங்கிக்கொள்ளும் ஆலைகள் மீதியைத் தாங்கலாம். மாநில அணி இலவசமாக வரக்கூடாது. வாடகை கட்ட முடியாத பருவத்தில் உழைப்பாகக் கட்டட்டும்: பள்ளிப் பிள்ளைகளுக்கு இத்தனை மணி நேரப் பயிற்சி என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். ஃபூட்சால் கூடக்காரர்களின் பிழைப்பு கெடுமே என்ற கவலைக்கும் இடமில்லை. ஆடுகிறவர் தொகை கூடினால் அவர்களுக்கும் ஆள் வரும்.

பள்ளிகளுக்கு, தமிழ்ப்பள்ளியோ தேசியப்பள்ளியோ சீனப்பள்ளியோ, வாரநாள் பிற்பகல் கட்டணமின்றி இருக்க வேண்டும். அதற்கான பேருந்துச் செலவும் திட்டத்துக்குள் வர வேண்டும். தோட்டத்துப் பிள்ளை பூங்காவுக்கு வந்து சேர வேறு வழியில்லை. முன்பதிவு கைப்பேசியில் நடக்கட்டும். ஆனால், மூன்றில் ஒரு பங்கு நேரத்தை நேரில் வருகிறவர்களுக்கென்று வைக்க வேண்டும். இல்லையேல் நள்ளிரவில் விழித்திருந்து விரலால் அழுத்தத் தெரிந்தவர்களே எல்லாவற்றையும் அள்ளிக்கொள்வார்கள். நேர அட்டவணையை மாற்றும் அதிகாரம் நிர்வாகி ஒருவர் கையில் இருக்கக் கூடாது. மாநில அணி, ஆலைகள், தொழிலாளர்கள், பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் உட்கார்ந்து பேசும் குழு ஒன்று வேண்டும். அடுத்த பருவத்தில் மாநில அணி இன்னும் நான்கு மாலைகள் வேண்டும் என்று கேட்டு வரும்போது, விக்டோரியா தோட்டப் பள்ளியின் பெற்றோர் ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்து, முடியாது என்று சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும்.